வெள்ளிக்கிழமை வறுக்கும் காபி

இப்போது லிஃப்டை விட்டு ஒருவர் வெளியே வந்தால் அவர் மூக்கு எதை முதலில் பிடிக்கும், மால்ட்டையா காபியையா? காபியைத்தான் பிடிக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் கருக விட்டால் காபி முந்திக்கொள்ளும். ஆனால் கருகினால் கசக்கும். கசந்தால் இவர் முகம் வாடிவிடும். அந்த முகத்தை மறுபடியும் என்னால் பார்க்க முடியாது.

நீலா கரண்டியை நிறுத்தாமல் கிளறினாள். இரும்புச் சட்டியில் காபிக்கொட்டைகள் பச்சை மாறிப் பழுப்பாகிக்கொண்டிருந்தன. பக்கத்து அடுப்பில், பண்டிகைக்கென்று வாங்கிய பெரிய பாத்திரத்தில், அவள் கணவன் பாஸ்கர் மால்ட்டை, முளைகட்டிய பார்லியை, கொதிக்க வைத்திருந்தான். ஊறிய தானியமும் வெல்லப்பாகும் பழைய ரொட்டியும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. சமையலறையின் காற்றாடி அதை இழுத்து வெளியே தள்ளியது. அது குழாய் வழியே மேலேயும் கீழேயும் போய் எல்லார் வீட்டுச் சமையலறைக்குள்ளும் எட்டிப் பார்க்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டில் ஒரு மது பாட்டில் இருப்பதே இந்த ஷார்ஜாவில் குற்றம். இவர்கள் பீரே காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

முதன்முறை பாஸ்கர் அடுப்பை மூட்டிய அன்று, வாடை வாசலைத் தாண்டியதும் நீலா ஓடிப்போய்க் கதவிடுக்கில் ஈரத்துணியைச் செருகினாள். ஏலக்காயைத் தட்டிப் போட்டுப் பார்த்தாள். ஊதுபத்தி ஏற்றினாள். கடைசியில், ரோலா கடைத்தெருவில் யேமன்காரர் கடையில் வாங்கி வைத்திருந்த பச்சைக் காபிக்கொட்டையை எடுத்துச் சட்டியில் கொட்டினாள். சற்று நேரத்தில் அந்த மாடி முழுக்கக் காபி மணத்தது. அன்றிலிருந்து அதுவே ஏற்பாடாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவன் காய்ச்சுவான், அவள் வறுப்பாள். வறுத்ததைப் பொடித்து அக்கம்பக்கத்துக்குச் சின்ன டப்பாக்களில் கொடுத்தாள். மாடியில் இவர்கள் வீட்டுக்குக் காபி வீடு என்றே பெயராகிவிட்டது. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் நீலா பேச்சை மாற்றிவிடுவாள்.

"நெருப்பைக் கொஞ்சம் குறை. நிறம் போதும்," என்றான் பாஸ்கர். கழுத்தில் ஒரு கயிற்றில் தெர்மாமீட்டர் தொங்கியது. முகம் மழித்திருந்தான். ஏதோ ராகம் வாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"வாடை இன்னும் போகலையே."

"கஃபீல் சொன்னா சரிதான். இன்னும் ரெண்டு கிளறு கிளறுங்க மேடம்."

கஃபீல் என்றால் ஒருவர் விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி; அந்த வேடிக்கையை அவன் தினமும் சொல்வான். துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் அளவையாளராக இருந்தவனை, அந்தப் பிரிவையே மூடி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசா ரத்தானதும் நீலாவின் பெயரில் அவனைச் சேர்த்தார்கள். அவள் ஒரு கிளினிக்கில் ஃபார்மசிஸ்ட். வீட்டு வாடகை ஒப்பந்தம், கரண்ட், மகள் ஹர்ஷினியின் விசா, அவன் விசா எல்லாம் இப்போது அவள் பெயரில்தான். "என் கஃபீல் என் கூடவே படுத்துத் தூங்குறா," என்று அவன் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், போலீஸ் வந்தால் யார் பெயரைக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொள்வாள்.

அவனிடம் இதைச் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் அந்த சோபா. வேலை போன பிறகு மாதக்கணக்கில் அவன் அதில் படுத்திருந்தான். அவள் டியூட்டிக்குப் போகும்போது எந்தப் பக்கம் ஒருக்களித்திருந்தானோ, திரும்பி வரும்போதும் அதே பக்கம். தொலைக்காட்சிகூடப் போடமாட்டான். கூரையில் ஏ.சி. காற்று வரும் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு ஒருநாள் பழைய சகா சதீஷ்குமார் வந்து, வீட்டிலேயே பீர் செய்வதைப் பற்றி ஏதோ பேசினான். மறுநாள் பாஸ்கர் எழுந்து பார்லியை ஓவனில் வறுக்கத் தொடங்கினான். கருக வறுத்த பார்லியால் செய்யும் கறுப்பு பீர், ஸ்டவுட். முதல் தடவை கெட்டுப் புளித்துப்போனதைக் கழிவறையில் ஊற்றினான். இரண்டாம் தடவை குடிக்கும்படி இருந்தது. அன்று அவன் முகம் மழித்தான். நீலா கதவோரம் நின்று அந்த நுரை வழிந்த கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இது தொடரட்டும், கொஞ்ச நாள் தொடரட்டும் என்று அவளுக்குள் யாரோ சொன்னார்கள். அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று பிறகு அவள் ஒப்புக்கொண்டாள்.

ஸ்டவுட்டில் காபி சேர்க்கலாம் என்று அவன் படித்தது, அவள் வறுக்கும் மணத்தில் நின்றுகொண்டிருந்தபோதுதான். முதலில் இன்ஸ்டன்ட் காபித்தூளை அப்படியே பாட்டிலில் போட்டான். பாட்டில் பொங்கி அவன் சட்டை, சுவர், ஹர்ஷினியின் வரைபடத்தாள் எல்லாவற்றையும் குளிப்பாட்டியது. "அப்பா, இட்ஸ் எ வால்கனோ," என்று அவள் கைதட்டினாள். பிறகு அவன் நீலாவிடம் வந்தான்.

"உன் டிகாஷன் குடு. சிக்கரி இல்லாம. ஆற வெச்சு, பாட்டில்ல அடைக்கும்போது சேர்க்கணும்."

சாயங்காலம் முழுக்க மூன்று ஃபில்டர்களிலும் மாற்றி மாற்றி டிகாஷன் இறக்கினாள். பொடியை அழுத்தி, மேலே சர்க்கரை தூவி, வெந்நீர் ஊற்றி, தட்டிவிட்டு, சொட்டும் ஓசைக்காகக் காத்திருந்தாள். கெட்டியாக, தேன் மாதிரி இறங்கியது. அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு அவளைப் பார்த்த பார்வை, கல்யாணமான புதிதில் அவளுக்குக் கிடைத்தது.

அந்தப் பாட்டில்கள்தாம் இப்போது சமையலறையை ஒட்டிய சின்னக் குளியலறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தன. போன வாரம் சதீஷ்குமார் ஒன்றைத் திறந்து குடித்துவிட்டு, "அக்கா, இது பீரே இல்லைங்க. உங்க காபி கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு வந்த மாதிரி இருக்குங்க," என்றான். நீலா குடிப்பதில்லை. அவர்கள் ஹாலுக்குப் போனதும் டம்ளரின் அடியில் மிச்சமிருந்ததில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். கசப்பு, அதற்குப் பின்னால் கருகல், அதற்கும் பின்னால், வெகு தூரத்தில், அவளுடைய காபி. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட்டதை நினைத்து இரவெல்லாம் புரண்டாள்.

"அம்மா, மெஷின் முடிஞ்சிருச்சு. யூனிஃபார்மை எடுக்கவா?" ஹர்ஷினி ஹாலிலிருந்து கேட்டாள்.

"எடுத்துக் காயப் போடு."

சட்டியை இறக்கி, கொட்டைகளை அகலத் தட்டில் பரப்பினாள். ஹர்ஷினி குளியலறைக்குள் போய் மெஷினிலிருந்து துணியை எடுத்து, வாளியோடு சமையலறையைக் கடந்து பால்கனிக்குப் போனாள். பால்கனிக் கதவு சாத்திக்கொண்டது. அப்போதுதான் வெடித்தது.

ஒரு சத்தம். அது என்னவென்று புரிவதற்குள் இரண்டாவது. கண்ணாடி சுவரில் தெறித்து விழும் ஓசை. பிறகு புஸ்ஸென்ற ஒரு நீண்ட மூச்சு.

பாஸ்கர் கரண்டியோடு அப்படியே நின்றான். நீலா பால்கனிக்கு ஓடினாள். ஹர்ஷினி ஒரு கையில் சட்டையும் மறு கையில் கிளிப்புமாக நின்றிருந்தாள். அவள் முகம், கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள் நீலா.

"அம்மா, என்னாச்சு? என்ன செய்றீங்க?"

"ஒண்ணுமில்ல. இங்கேயே இரு. உள்ள வராதே."

குளியலறைக் கதவுக்கு அடியிலிருந்து பழுப்பு நுரை வழிந்து சமையலறைத் தரையில் மெதுவாக நீண்டுகொண்டிருந்தது. வாசல் மணி அடித்தது.

பாஸ்கர் தலையை ஆட்டினான், திறக்காதே என்று. மணி மறுபடி அடித்தது. திறக்காமல் இருந்தால் இன்னும் மோசம் என்று நீலாவுக்குத் தோன்றியது. துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு கதவைப் பாதி திறந்தாள்.

பக்கத்து வீட்டு முகம்மது சித்தீக் நின்றிருந்தார். ரோலாவில் துணிக்கடை வைத்திருப்பவர், கீழக்கரைக்காரர். ஜும்மா தொழுகை முடிந்து நேராக வந்திருந்தார், வெள்ளை ஜிப்பா, தலையில் தொப்பி, அத்தர் வாசம்.

"என்னம்மா சத்தம்? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல பாய். நல்லா இருக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்." அவர் குரலைத் தாழ்த்தினார். "வாட்ச்மேன் மாடிப்படியில நின்னான். மேல வரவான்னு கேட்டான். குக்கர் வெடிச்சிருச்சு, நான் பாத்துக்கிறேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

நீலா கதவை மறைத்து நின்றாள். "நீங்க எதுக்கு பாய்..."

"எனக்கும் தெரியலம்மா. வாயில அதுதான் வந்துச்சு." அவர் கண் அவளைத் தாண்டிப் போனது. ஹால் மூலையில், சமையலறை வாசலைக் கடந்து பழுப்பு நுரையின் நாக்கு எட்டிப் பார்த்தது. வறுத்த காபியின் மணத்துக்குள் வேறொரு மணம், புளித்த மணம், இப்போது யார் மூக்குக்கும் தெரியும்.

"காபி கொட்டிருச்சு போல," என்றார் அவர்.

"ஆமா பாய்."

"என் வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பா, நீலா குடுக்கிற பொடி மாதிரி எங்கேயும் கிடைக்காதுன்னு." கொஞ்சம் நின்றார். "பள்ளிவாசல்ல இருந்து இறங்கி வீடு வந்து சேர்றதுக்குள்ள ஒரு பொய் சொல்லிட்டேன். அது என் பாடு. ஆனா நமக்கு நடுவுல ஒத்தைச் சுவர்தாம்மா இருக்கு. என் வீட்டுலயும் பிள்ளைங்க இருக்காங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அவள் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே போனார். அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைக்கும் ஓசைவரை நீலா நின்றிருந்தாள்.

குளியலறையில் இரண்டு பாட்டில்கள் தூளாகியிருந்தன. வாஷிங் மெஷினின் மூடியில் ஒரு கீறல், புதிதாக. ஹர்ஷினியின் தலை உயரத்துக்குச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டு ஓடுகளின் இடுக்கில் செருகி நின்றது. நீலா அதைப் பிடுங்கி எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். மிச்சப் பாட்டில்களின் மூடிகளைப் பாஸ்கர் ஒரு கனத்த துண்டைப் போர்த்திக்கொண்டு ஒவ்வொன்றாக இளக்கினான். ஒவ்வொன்றும் சீறியது.

"எப்படி?" அவன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். "அடைக்கும்போது சர்க்கரையைத் தராசுல நிறுத்துத்தான் போட்டேன். அது கேஸ் உண்டாக்கிறதுக்குத் தேவையான அளவுதான். அதுக்கு மேல எங்கிருந்து வந்துச்சு? ஈஸ்ட்டா? சூடா? இல்ல எனக்குக் கணக்கே மறந்து போச்சா?"

கடைசிக் கேள்வியில் அவன் குரல் சோபாவில் படுத்திருந்த காலத்துக் குரலாகிவிட்டது. கைத்துண்டால் முகத்தைத் துடைத்தான். நீலா தரையில் குந்தி நுரையை வழித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரை என்ற சொல் அவள் கைக்குள் வந்து நின்றது. ஃபில்டரில் பொடியை அழுத்தியதும், வெந்நீருக்கு முன்னால், மேலே ஒரு ஸ்பூன். பொடி இறுகி டிகாஷன் கெட்டியாக இறங்கும். தஞ்சாவூரில் அவள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். யோசித்துச் செய்வதில்லை. அன்று மாலை எத்தனை ஃபில்டர், எத்தனை ஸ்பூன்.

சொல்லாமல் விடலாம். சொல்லாவிட்டால் அவனுக்குக் காரணம் கிடைக்காது. காரணம் தெரியாததை அவன் மறுபடி தொடமாட்டான். இரண்டு நாளில் அவனே நிறுத்திவிடுவான், பழியும் அவள்மேல் வராது. அந்த எண்ணம் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு வேகமாக வந்தது என்று பார்த்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. தன் கணக்கு தவறிவிட்டதென்று நம்பிக்கொண்டு ஒரு மனிதன் அவள் எதிரில் நின்றிருந்தான்.

"டிகாஷன்ல சர்க்கரை இருந்துச்சுங்க," என்றாள்.

"என்ன?"

"பொடி மேல தூவுவேன்ல. கைப்பழக்கம். நீங்க சொன்னப்ப எனக்கு அது நினைவே வரல."

அவன் அவளையே பார்த்தான். அவள் திட்டுக்குக் காத்திருந்தாள். அவன் சிரித்தான். தலையைப் பின்னால் சாய்த்து, தெர்மாமீட்டர் மார்பில் குலுங்க, நிம்மதியாகச் சிரித்தான்.

"அவ்வளவுதானா? அப்ப என் கணக்குல தப்பே இல்ல. நீலா, இது ஒரு விஷயமே இல்லடி. அடுத்த தடவை சர்க்கரை போடாதே. கலாஸ், முடிஞ்சுது."

உண்மையைச் சொன்னதால் அவனைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்த தடவை என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் அவள் காதில் விழுந்தது.

சாயங்காலம் சதீஷ்குமார் சமோசா பொட்டலத்தோடு வந்தான். வெடித்த கதையைப் பாஸ்கர் நடித்தே காட்டினான், கரண்டியோடு உறைந்து நின்றதுவரை. சர்க்கரைக்கு வந்ததும் சதீஷ்குமார் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கா, பாம் ஸ்குவாடுல சேந்துக்கலாமுங்க நீங்க."

நீலா புன்னகைத்தாள். ஹர்ஷினியை உள்ளறைக்குப் படிக்க அனுப்பிவிட்டு, சமையலறைத் திறப்பில் நின்றாள். அங்கிருந்து ஹாலும் தெரியும், குளியலறையில் குடிநீர் கேனில் அன்று காய்ச்சியது புளிக்கத் தொடங்கிக் குழாய் வழியே மூச்சுவிடப்போகும் மூலையும் தெரியும். குளுக், குளுக் என்று அது நாளை ஆரம்பித்துவிடும். இரவுகளில் ஃபிரிட்ஜ் நின்றதும் அந்த ஓசை மட்டும் கேட்கும். யாரோ வீட்டுக்குள் உட்கார்ந்து தண்ணீர் விழுங்குவது போல.

"சங்கதி என்னன்னா," என்றான் சதீஷ்குமார். "போன வாரம் நான் ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போனேன்ல, அதுல ஒண்ணை எங்க மேனேஜருக்குக் குடுத்தேனுங்க. மனுசன் கண்ணை மூடிக்கிட்டார். எங்க வாங்கினேன்னு விடாமக் கேட்டார்."

நீலாவின் கை திண்ணென்று மேடையைப் பிடித்தது. "என்ன சொன்னீங்க?"

"எங்க ஃபிரெண்டோட வீட்டுக்காரம்மா, தஞ்சாவூரு, காபி அவங்க கைப்பக்குவம்னு சொன்னேனுங்க. பேரெல்லாம் சொல்லலைங்க."

"ஷார்ஜான்னு சொன்னீங்களா?"

"அது... ரோலா பக்கம்னு பேச்சு வாக்குல." அவன் சமோசாவை உடைத்தான். "நம்மாளுதான்க்கா, பயப்படாதீங்க. அவரோட ஆளுங்க நாலஞ்சு பேரு கேக்குறாங்க. வாரா வாரம் காய்ச்சினா போதும், நான் வந்து வண்டியில எடுத்துக்கறேன். விக்கிறதுன்னு இல்லைங்க. ஆசைப்பட்டவங்களுக்குக் குடுக்கறது, அவங்க ஏதோ குடுப்பாங்க."

"இதைவிடப் பெரிய பாத்திரம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன்," என்றான் பாஸ்கர். அவன் முன்னால் குனிந்திருந்தான், வேலையில் இருந்த காலத்தில் மேஜைமேல் வரைபடத்தை விரித்துவிட்டுக் குனிவது போல. "ரெண்டு மடங்கு காய்ச்சலாம். நீலா வறுக்கிறதும் ரெண்டு மடங்கா இருக்கணும், வாடை அதிகமா வரும்ல. டிகாஷன் சர்க்கரை இல்லாம. மதியம் வறுத்த கொட்டையில இன்னைக்கே கொஞ்சம் இறக்கிப் பாத்துடலாம். சதீஷ் இருக்கான், ருசி பாத்துச் சொல்லுவான்." அவள் பக்கம் திரும்பினான். "கஃபீல் உத்தரவு குடுத்தா யல்லா, ஆரம்பிச்சுடலாம்."

அவன் கண்களில் ஒளி இருந்தது. அந்த ஒளிக்காக அவள் என்னவெல்லாம் செய்திருக்கிறாள். எல்லா வாசலுக்கும் காபி மணத்தை அனுப்பினாள். தொழுகை முடிந்து வந்த ஒருவரைப் பொய் சொல்ல வைத்தாள். கண்ணாடித் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கு அடியில் புதைத்தாள். இந்த ஒளி அணைந்தால் அவன் மறுபடி சோபாவுக்குப் போவான். போகலாம். அப்படிப் போனால் அவள் டியூட்டி முடிந்து வந்து அந்த சோபாவின் ஓரத்தில் உட்காருவாள். அதையும் தாங்கிவிட முடியுமா என்று தெரியவில்லை. ஆனால் போலீஸ் வராத இந்த வீட்டில் சோபாவாவது இருக்கும்.

அவள் சமையலறைக்குள் போய் மதியம் வறுத்ததில் ஒரு கைப்பிடி எடுத்து மிக்ஸியில் அரைத்தாள். பெரிய ஃபில்டர்கள் இரண்டும் கவிழ்ந்தபடியே இருந்தன. சின்ன ஃபில்டரில் பொடியைப் போட்டு, அழுத்தி, சர்க்கரை டப்பாவைத் திறந்தாள். ஒரு ஸ்பூன் எடுத்து, நிதானமாக, பார்த்துப் பார்த்துத் தூவினாள்.

பாஸ்கர் வாசலில் வந்து நின்றிருந்தான். "மறுபடி சர்க்கரை போடறியே. இப்பதானே சொன்னேன்."

"இது நாம குடிக்கிறதுக்கு." வெந்நீரை ஊற்றி மூடினாள். மேலே தட்டியதும் முதல் சொட்டு விழுந்தது.

"அப்ப அதுக்கு?"

"அதுக்கு டிகாஷனே போடலைங்க."

"சரி, இன்னைக்கு வேண்டாம், களைப்பா இருக்கே. அடுத்த வெள்ளிக்கிழமை..."

"அடுத்த வெள்ளிக்கிழமையும் நான் வறுக்கல."

அவள் குரல் உயரவில்லை. ஹாலில் இருந்த சதீஷ்குமாருக்குக் கேட்டிருக்காது. பாஸ்கர் ஏதோ வேடிக்கை சொல்ல வாயெடுத்தான். கஃபீல் என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

"நீ வறுக்காம நான் எப்படி அடுப்பைப் பத்த வைப்பேன் நீலா?"

அவள் பாலைப் பொங்கவிட்டு இறக்கினாள். இரும்புச் சட்டி இன்னும் மேடைமேல் கரிபடிந்து கிடந்தது. அதை எடுத்துத் தொட்டியில் போட்டு, நிறையத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"டம்ளர் எடுங்க," என்றாள். "ஆறிடும்."